ராம் சிப்புக்குள் துடிப்பு எப்படி நேரம் தவறாமல் ஓடுகிறது?

கிண்டியில் மின்னணுவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவி எழுதிக் கேட்டிருக்கிறார். ரிச்சி தெருவில் கணினிக்கு ராம் வாங்கினாராம். மேலே 6400 என்று அச்சிட்டிருந்தது. கடைக்காரர் அதை ‘6400 மெகாஹெர்ட்ஸ்’ என்று சொல்லிக் கொடுத்தாராம். “அத்தனை வேகமான துடிப்பை அந்தச் சின்னச் சிப்பே உண்டாக்கிக்கொள்கிறதா? வெளியிலிருந்து வருகிறதென்றால், சிப்புக்குள் எதற்கு இன்னொரு கடிகாரச் சுற்று? கைபேசியில் மட்டும் அதே வேலை எப்படிக் குறைந்த மின்சாரத்தில் முடிகிறது?” என்பது அவருடைய கேள்வி. இருபது ஆண்டுகளாக இந்தத் துடிப்புச் சுற்றுகளோடுதான் என் பிழைப்பு. அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் அந்த 6400. ஒரு கம்பியில் வினாடிக்கு 640 கோடி பிட் போகிறது என்பதுதான் அதன் பொருள். துடிப்பு என்பது சுற்றுகளுக்கெல்லாம் தாளம் போடும் கடிகார அலை. அதன் அதிர்வெண் பிட் எண்ணிக்கையில் பாதி, அதாவது 3.2 கிகாஹெர்ட்ஸ். துடிப்பு மேலே ஏறும்போது ஒரு பிட், கீழே இறங்கும்போது ஒரு பிட் என்று இரண்டு விளிம்பையும் பயன்படுத்துவதால்தான் அதற்கு டிடிஆர் (டபுள் டேட்டா ரேட், இரட்டைத் தரவு வேகம்) என்று பெயர். ஜெடெக் என்ற தர அமைப்பு 2000-இல் முதல் டிடிஆர் தரத்தை வெளியிட்டது; உங்கள் கையில் இருக்கும் டிடிஆர்5 வந்தது 2020-இல். இந்த இருபது ஆண்டுகளில் மின்னழுத்தம் 2.5 வோல்ட்டிலிருந்து 1.1 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது. வேகம் ஏறிக்கொண்டே போக, மின்னழுத்தம் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. எங்கள் தொழிலின் சிரமம் முழுவதும் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

துடிப்பின் ஊற்று ராம் சிப்பில் இல்லை. மதர்போர்டில் ஒரு குவார்ட்ஸ் படிகம் இருக்கும். அது மெதுவாக, ஆனால் மிக ஒழுங்காக அதிரும். அந்த அதிர்வைப் பல மடங்காகப் பெருக்கி வேகத் துடிப்பாக மாற்றும் வேலையைப் புராசஸரில் உள்ள பிஎல்எல் என்ற சுற்று செய்கிறது. அங்கிருந்து இரட்டைக் கம்பி வழியாகத் துடிப்பு ராமுக்கு வருகிறது. 6400-க்கும் அதற்கு மேலும் போகும் சில புதிய ராம் பலகைகளின் நடுவில் தனியாக ஒரு குட்டிச் சிப்பு உட்கார்ந்திருக்கும். வழியில் களைத்துப்போய் வரும் துடிப்பை வாங்கி, புதிதாக்கி, பலகையில் உள்ள மற்ற சிப்புகளுக்குப் பகிர்ந்து தருவதுதான் அதன் வேலை. அடுத்த முறை ரிச்சி தெருவுக்குப் போனால் உற்றுப் பாருங்கள், கண்ணுக்கே தெரியும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. துடிப்பு வந்துவிட்டது, அப்புறமும் சிப்புக்குள் ஏன் இன்னொரு சுற்று?

6400 வேகத்தில் ஒரு பிட் கம்பியில் நிற்கும் நேரம் 156 பிக்கோ வினாடி. ஒரு வினாடியை லட்சம் கோடித் துண்டாக நறுக்கினால் ஒரு துண்டுதான் பிக்கோ வினாடி. அந்த 156 பிக்கோ வினாடியில் பலகையின் செம்புத் தடத்தில் மின் அலை போகும் தூரம் இரண்டேகால் சென்டிமீட்டர். ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம், அவ்வளவுதான். இந்த இடுக்கிலேயே பிட் வர வேண்டும், நிலைக்க வேண்டும், எதிர்ப்பக்கம் அதைப் படித்தும் முடித்துவிட வேண்டும். ஆனால் துடிப்பு ராம் சிப்பின் வாசலில் நுழைந்து, உள்ளே கிளை கிளையாகப் பிரிந்து, தரவை வெளியே தள்ளும் சுற்றை எட்டுவதற்குச் ஏறக்குறைய இரண்டு நானோ வினாடி ஆகிவிடுகிறது. பத்துப் பன்னிரண்டு பிட் கடந்து போகும் நேரம் அது.

நான் புதிதாகச் சேரும் பொறியாளர்களுக்கு இதை விளக்க, நம் ஊரையே எடுத்துக்கொள்வது வழக்கம். சென்னைக்கும் நேரத்துக்கும் பழைய உறவு உண்டு. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் வானாய்வுக்கூடம் எழுந்தது. அங்கே கணித்த மெட்ராஸ் நேரத்தைத்தான் இந்திய ரயில்கள் பல காலம் பின்பற்றின. தமிழ்க் கல்வெட்டோடு அந்தக் கூடத்தின் கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது.

இப்போது ஒரு கற்பனை. ஜார்ஜ் கோட்டையில் ஒவ்வொரு நிமிடமும் சரியாக ஒரு பீரங்கி வெடிக்கிறது. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் ஒரு முரசு இருக்கிறது. கோட்டையில் பீரங்கி வெடிக்கும் அதே கணத்தில் கோயிலில் முரசு ஒலிக்க வேண்டும். முரசடிப்பவருக்குத் தெரிந்தது வெடிச்சத்தம் மட்டும்தான். நேர்க்கோட்டில் தூரம் சுமார் ஐந்தரை கிலோமீட்டர். ஒலி வந்து சேர ஏறக்குறைய 16 வினாடி ஆகும். சத்தம் கேட்டவுடன் அடித்தால் 16 வினாடி தாமதம். கடந்துபோன 16 வினாடியைத் திருப்பி வாங்க யாராலும் முடியாது.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. சத்தம் கேட்டதும் அடிக்காமல் இன்னும் 44 வினாடி பொறுத்து அடித்தால்? பதினாறும் நாற்பத்து நான்கும் சேர்ந்து அறுபது. கோட்டையில் அடுத்த பீரங்கி வெடிக்கும் கணத்தில் மயிலாப்பூரில் முரசு ஒலிக்கும். தாமதத்தைக் குறைக்க முடியாதபோது அதைக் கூட்டி, ஒரு முழுச் சுற்றாக்கிவிடுவது. ராம் சிப்புக்குள் இருக்கும் டிஎல்எல் என்ற தாமதப் பூட்டு வளையம் செய்வது இதையேதான். படிக்கும் காலத்தில் இந்த யோசனை முதன்முதலாகப் புரிந்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவ்வளவு எளிமையான, அவ்வளவு அழகான வழி.

எத்தனை வினாடி பொறுக்க வேண்டும் என்பதை யார் சொல்வது? மே மாத மதியத்தில் காற்று 40 டிகிரியில் கொதிக்கும்போது ஒலி வேகமாக ஓடும். மார்கழி விடியலில் 20 டிகிரியில் மெதுவாக வரும். இரண்டுக்கும் நம் கணக்கில் அரை வினாடி வித்தியாசம். சிப்பிலும் அப்படியே. சூடு ஏறினால், மின்னழுத்தம் தாழ்ந்தால், உற்பத்தியில் டிரான்சிஸ்டர் கொஞ்சம் தடித்துப் போனால், உள்வழித் தாமதம் மாறிவிடும். அதனால் 44 என்று கல்லில் எழுதி வைக்க முடியாது. ஓயாமல் அளந்து சரிசெய்ய வேண்டும். இதற்கு டிஎல்எல் ஒரு நகல் பாதையை வைத்துக்கொள்கிறது. துடிப்பு உண்மையில் கடக்கும் வாசல் சுற்று, கிளைகள், வெளியேறும் சுற்று எல்லாவற்றையும் போலவே தாமதிக்கும் ஒரு பாதை அது. அதன் வழியே சுற்றி வந்த துடிப்பையும் புதிதாக வாசலில் நுழையும் துடிப்பையும் ஓர் ஒப்பீட்டுச் சுற்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். முந்தினால் தாமதத்தை ஒரு படி கூட்டும்; பிந்தினால் ஒரு படி குறைக்கும். நகல் எவ்வளவு உண்மையோ அவ்வளவுதான் டிஎல்எல்லின் துல்லியம். நகலையும் அசலையும் சிப்பில் எவ்வளவு அருகருகே வைப்பது என்பதில் வடிவமைப்பாளர்கள் நாள்கணக்கில் மெனக்கெடுவது இதனால்தான்.

ஒரு ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். 44 வினாடிக்குப் பதிலாக 104 வினாடி பொறுத்தாலும் முரசும் பீரங்கியும் சேர்ந்துதான் ஒலிக்கும். ஒரு வெடி தள்ளிப் பூட்டிக்கொண்டிருப்பீர்கள். ஒப்பீட்டுச் சுற்றுக்கு இது தெரியாது, எல்லாம் சரி என்றே சொல்லும். ஆனால் துடிப்பு தேவையில்லாமல் நீண்ட பாதையில் ஓடுகிறது. நீளத்துக்கு ஏற்ப மின்சாரமும் செலவாகும், நடுக்கமும் கூடும். நல்ல டிஎல்எல் எப்போதும் மிகக் குறைந்த தாமதத்திலிருந்து தொடங்கித் தேடும்.

நடுக்கம் என்று சொன்னது ஆய்வகத்தில் நாங்கள் ஜிட்டர் என்று அழைப்பதை. விளிம்பு வர வேண்டிய கணத்துக்கு ஒரு சொட்டு முன்னாலோ பின்னாலோ வந்து தள்ளாடுவது. புராசஸரில் பிஎல்எல் இருக்கும்போது ராம் சிப்பில் பெரும்பாலும் டிஎல்எல் இருப்பதற்கு முதன்மையான காரணம் இதுதான். பிஎல்எல்லுக்குள் தானே அலையும் ஒரு சுற்று இருக்கிறது. சொந்தமாகத் தாளம் போட்டுக்கொண்டே போகிறவரைப் போல அது. ஓர் அடி சற்றே தள்ளிப் போனால், அடுத்த அடி அந்தத் தள்ளிய இடத்திலிருந்தே எண்ணப்படும். பிழை பிழையின் மேல் ஏறும். வளையம் கவனித்து இழுத்துப் பிடிக்கும்வரை ஏறிக்கொண்டே இருக்கும். டிஎல்எல்லில் ஒவ்வொரு விளிம்பும் வெளியிலிருந்து புதிதாக வருகிறது. கச்சேரியில் வித்வானின் கையைப் பார்த்தே ஒவ்வொரு முறையும் தட்டுகிறவருக்குப் பழைய பிழை ஒட்டாது. ஆனால் வித்வானின் கையே நடுங்கினால் இவரும் சேர்ந்து நடுங்குவார். டிஎல்எல்லின் குறையும் அதுவே. அதோடு அதிர்வெண்ணைப் பெருக்கவும் அதற்குத் தெரியாது.

மின்சாரக் கணக்குக்கு வருவோம். ஒரு கம்பியின் மின்தேக்குத் திறனை மின்னழுத்தத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அதிர்வெண்ணாலும் பெருக்கினால் செலவாகும் திறன் வரும், பாடத்தில் படித்திருப்பீர்கள். துடிப்பு போகும் கிளைகளின் மொத்தத் தேக்கம் 5 பிக்கோ ஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். 1.1 வோல்ட், 3.2 கிகாஹெர்ட்ஸ். சிப்புக்கு 19 மில்லிவாட் வருகிறது. பலகையில் எட்டுச் சிப்பு என்றால் 150 மில்லிவாட்டைத் தாண்டும். பார்க்கச் சின்னத் தொகை. ஆனால் தரவுக் கம்பி தரவு இருந்தால்தான் அசையும். துடிப்புக் கம்பி ஒன்றும் நடக்காதபோதும் ஒவ்வொரு சுழற்சியிலும் ஏறி இறங்கியே தீரும். ஆள் இல்லாத அறையில் ஓடும் மின்விசிறியைப் போன்ற செலவு இது.

வர்க்கம் என்பதால் எல்லாருடைய கண்ணும் முதலில் மின்னழுத்தத்தின் மேல் விழும். அலையின் உயரத்தைப் பாதியாக்கினால் செலவு கால்பங்காகும் என்று மாணவர்கள் எழுதுவார்கள். பாதி உயர அலைக்கு வேண்டிய மின்சாரத்தையும் அதே பாதி மின்னழுத்தத்திலிருந்து எடுத்தால் மட்டுமே அது உண்மை. 1.1 வோல்ட்டிலிருந்து எடுத்து அரை உயரத்துக்கு மட்டும் ஏற்றினால் மிச்சமாவது பாதிதான். நேர்முகத் தேர்வில் நான் கேட்கும் கேள்வி இது. பலர் தடுக்கி விழுவார்கள். உயரம் குறைந்த அலையின் சரிவும் மந்தமாகும், மந்தமான சரிவில் இரைச்சல் எளிதாக நடுக்கமாக மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்பவரை நான் வேலைக்கு எடுக்காமல் விடுவதில்லை.

நடுக்கத்துக்கும் மின்சாரத்துக்கும் உள்ள கணக்கு இன்னும் கறாரானது. டிரான்சிஸ்டரின் உள்ளே எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் தாறுமாறாக ஓடுவதால் வரும் நடுக்கம் ஒன்று உண்டு. அதைக் குறைக்க ஒரே மாதிரியான சுற்றுகளைப் பக்கவாட்டில் சேர்த்து ஓட்டலாம். ஒன்றின் பிழையை மற்றொன்று ஈடுகட்டும். நான்கு சேர்த்தால் நடுக்கம் பாதியாகும். மின்சாரம்? நான்கு மடங்கு. இன்னும் பாதியாக்க வேண்டுமென்றால் பதினாறு மடங்கு. இந்த வகை நடுக்கத்தில் பேரம் பேச இடமே இல்லை.

பேரம் பேச இடமுள்ள நடுக்கம் மின்வழங்கலிலிருந்து வருவது. சிப்பின் ஒரு மூலையில் ஆயிரக்கணக்கான நினைவுக் கலங்கள் ஒன்றாகத் திறக்கும்போது உள் மின்னழுத்தம் சட்டெனத் தாழும். உள்ளே வருவதைத் தலைகீழாக்கித் தரும் சாதாரண நாட் கேட்டில் மின்னழுத்தம் ஒரு சதவீதம் மாறினால் தாமதமும் ஏறத்தாழ ஒரு சதவீதம் மாறும். துடிப்பின் பாதை ஒரு நானோ வினாடி நீளம், மின்னழுத்தம் இரண்டு சதவீதம் ஆடுகிறது என்றால் விளிம்பு 20 பிக்கோ வினாடி தள்ளாடும். நம்மிடம் இருப்பது 156. அதில் எட்டில் ஒரு பங்கு இப்படியே போய்விடும். டிஎல்எல் இதைக் காப்பாற்றாது. அது பல துடிப்புகளைப் பார்த்து நிதானமாகத் திருத்தும் சுற்று. சூடு ஏறுவது போன்ற மெதுவான மாற்றங்களுக்கு அது போதும். நானோ வினாடியில் வந்து போகும் மின்னழுத்தக் குழியை அது கண்டுகொள்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இங்கே மருந்து ஒன்றுதான்: பாதையைச் சுருக்குவது. நாட் கேட்டுகளைக் குறைத்தால் மின்சாரமும் மிச்சம், நடுக்கமும் மிச்சம். துல்லியமும் சிக்கனமும் கைகோத்து நடக்கும் அரிதான இடம் இது. பதற்றத்தில் ஒரு சுற்றைக் கூட்டுவதற்கு முன்னால், எடுத்துவிட எதுவும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன்.

ராம் தொழிற்சாலையில் கிடைக்கும் டிரான்சிஸ்டரும் நமக்குத் தோதானது இல்லை. கலங்களில் சேமித்த மின்னூட்டம் கசியக் கூடாது என்பதற்காகவே வளர்த்த டிரான்சிஸ்டர் அது. புராசஸரில் இருப்பதைப் போல ஓடாது. உலோக அடுக்குகளும் சொற்பம். அதனால் 3.2 கிகாஹெர்ட்ஸை அப்படியே உள்ளே ஓட்டாமல், வாசலிலேயே 1.6 கிகாஹெர்ட்ஸாகப் பிரித்து, கால் சுழற்சி இடைவெளியில் நான்கு துடிப்புகளாக ஓட்டுவது வழக்கம். இதனால் மின்சாரம் பாதியாகும் என்று சிலர் நினைக்கிறார்கள். வேகத்தில் பாதி, ஆனால் இரண்டு கம்பிக்குப் பதில் நான்கு கம்பி. கணக்கு சரிக்குச் சரியாகிவிடும். உண்மையான ஆதாயம், மந்தமான டிரான்சிஸ்டர்களாலும் அந்த வேகத்தைத் தாங்க முடிகிறது என்பதுதான். பதிலுக்கு அந்த நான்கின் இடைவெளியும் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வந்து சேர்கிறது.

சமமாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை செய்த ஒரு நிறுவனத்தில் 3200 வேகச் சோதனைச் சிப்பு ஒன்றை வடிவமைத்தோம். புதிதாக வந்தபோது நன்றாக ஓடியது. 125 டிகிரி அடுப்பில் ஆயிரம் மணி நேரம் வைத்தெடுத்த பிறகு, சில சிப்புகள் படிக்கும்போது தவறு செய்தன. ஆசிலாஸ்கோப்பில் பிட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவிட்டால் நடுவில் கண் போன்ற வெற்றிடங்கள் வரிசையாகத் தெரியும். அந்தக் கண் எவ்வளவு திறந்திருக்கிறதோ அவ்வளவு நல்லது. எங்கள் திரையில் ஒரு கண் அகலம், அடுத்தது குறுகல், மறுபடி அகலம், மறுபடி குறுகல். அளந்தோம்: 330, 295, 330, 295. எந்த ஜோடியைக் கூட்டினாலும் 625 பிக்கோ வினாடி துல்லியமாக வந்தது. சுழற்சி அணுவளவும் பிசகவில்லை. அதன் இரண்டு பாதிகள் மட்டும் சமமாக இல்லை.

ஏன் என்று கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. அடுப்பில் இருந்த நேரம் முழுவதும் மின்சாரத்தை மிச்சப்படுத்தத் துடிப்பை நிறுத்தி வைத்திருந்தோம். நிறுத்திய நிலை எப்போதும் தாழ்நிலை. துடிப்புப் பாதையில் அடுத்தடுத்து நாட் கேட்டுகள். உள்ளீடு தாழ்ந்தே கிடந்தால் முதலாவது, மூன்றாவது, ஐந்தாவது என்று ஒன்றுவிட்டு ஒன்றின் மேல்பக்க டிரான்சிஸ்டர் மட்டும் ஆயிரம் மணி நேரமும் அழுத்தத்தில் இருக்கும். வெப்பமும் சேர்ந்து அந்தப் பாதி மட்டும் மூப்படைந்துவிட்டது. துடிப்பின் ஏறும் விளிம்பு மூப்படையாத டிரான்சிஸ்டர்கள் வழியே போகிறது; இறங்கும் விளிம்பு மூப்படைந்தவை வழியே போகிறது. இறங்குவது தாமதமாக, மேல் பாதி நீண்டுவிட்டது. மின்சாரத்தை மிச்சப்படுத்தச் செய்த காரியமே துல்லியத்தைத் தின்றிருந்தது. அதற்குப் பிறகு நான் வடிவமைக்கும் எந்தச் சிப்பிலும் துடிப்பை ஒரே நிலையில் நிறுத்தி உறங்கவிடுவதில்லை. ஒருமுறை தாழ்நிலையில் நிறுத்தினால் அடுத்த முறை உயர்நிலையில் நிறுத்துவேன்.

இந்தச் சமனின்மையைத் திருத்தவும் தனிச் சுற்று உண்டு. துடிப்பைச் சராசரியாக்கிப் பார்த்தால், இரண்டு பாதியும் சமமாக இருக்கும்போது மின்னழுத்தத்தில் சரியாகப் பாதி வரும். கூடினால் மேல் பாதி நீளம், குறைந்தால் கீழ் பாதி நீளம். அதற்கேற்ப விளிம்பை நகர்த்தினால் போதும். கணினி எழும்போது ஒருமுறை இதைச் செய்து, கிடைத்த எண்ணைக் குறித்துக்கொண்டு, அளக்கும் சுற்றை அணைத்துவிடலாம். டிடிஆர்5-இலும் கைபேசிக்கான எல்பிடிடிஆர்5-இலும் இந்தத் திருத்தத்தை வெளியிலிருந்தே செய்ய வழி வைத்திருக்கிறார்கள்.

இப்போது கைபேசி. நான் மிகவும் விரும்பிப் பேசும் பகுதி இதுதான்.

டிஎல்எல்லை அணைத்துவிட்டால் மின்சாரம் மிச்சம். ஆனால் மறுபடி எழுப்பினால் அது உடனே பூட்டிக்கொள்ளாது. டிடிஆர்3-இல் அதற்கு 512 சுழற்சிகள் தர வேண்டும் என்பது தரவிதி. 1600 வேகத்தில் அது 640 நானோ வினாடி. பூட்டிய எண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டு இளைப்பாறும் நடுநிலை ஒன்றும் உண்டு. அதிலிருந்து எழ 24 நானோ வினாடி, டிஎல்எல் ஓடிக்கொண்டேயிருந்தால் 6 நானோ வினாடி. ஆழமாக உறங்குகிறவர் மெதுவாகத்தான் எழுவார். சட்டைப்பையில் கிடக்கும் கைபேசி ஒரு செய்தி வந்தால் எழுந்து மறுபடி உறங்குகிறது. நாளில் எத்தனை முறை என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் டிஎல்எல் பூட்டக் காத்திருந்தால் பேட்டரி தாங்காது.

கைபேசி ராமை வகுத்தவர்கள் அதனால் டிஎல்எல்லையே தூக்கிவிட்டார்கள். மயிலாப்பூரில் முரசு 16 வினாடி தாமதமாகவே ஒலிக்கட்டும். அந்தத் தாமதத்தைக் கேட்கிறவர் தெரிந்துகொண்டால் போதும் என்பது அவர்கள் கண்ட வழி. எல்பிடிடிஆர்4-இல் துடிப்பு நுழைந்து தரவின் துடிப்பு வெளிவருவதற்குள் 1.5 முதல் 3.5 நானோ வினாடி வரை எவ்வளவும் ஆகலாம் என்று தரவிதியே அனுமதிக்கிறது. அதன் உச்சவேகத்தில் ஒரு பிட் 234 பிக்கோ வினாடி. அப்படியானால் எட்டு பிட்டுக்கும் மேல் நிச்சயமின்மை! கேட்டதும் பதறத்தான் தோன்றும். ஆனால் புராசஸர் தொடங்கும்போதே தெரிந்த ஒரு பிட் வரிசையைப் படிக்கச் சொல்லி, தன் பக்கத்துத் தாமதத்தை முன்னும் பின்னும் நகர்த்தி, கண்ணின் நடு எங்கே என்று கற்றுக்கொள்கிறது. ஓயாமல் ஓடும் ஒரு வளையத்தின் வேலையை ஒருமுறை படித்த பாடம் செய்துவிடுகிறது. வேகமான நல்ல டிரான்சிஸ்டர் இருப்பதும் புராசஸர் பக்கம்தான். சுமையை அங்கே மாற்றியது நியாயமும்கூட.

பாடம் காலத்தோடு பழசாகும் அல்லவா? கையில் வெயில் படும், விளையாட்டு ஓடும், சிப்பு சூடாகும். இதற்கு எல்பிடிடிஆர்4-இல் வைத்த ஏற்பாடு என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் நயமான வேலைகளில் ஒன்று. எழுதும் பக்கத்துத் துடிப்புப் பாதையின் நகலைச் சிப்பில் ஒரு வளையமாகச் சுற்றிவிட்டிருக்கிறார்கள். புராசஸர் கேட்கும்போது மட்டும் அது அலையும்; குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை சுற்றுச் சுற்றியது என்று எண்ணிச் சொல்லும்; அப்புறம் அணைந்துவிடும். எண்ணிக்கை முன்பு போலவே இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். மாறியிருந்தால் பாடத்தைத் திருத்திக்கொள்ளலாம். நாள் முழுக்க மருத்துவரைப் பக்கத்தில் வைத்திருப்பதற்குப் பதிலாக வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வைத்திருப்பது போன்றது அது.

2019-இல் வந்த எல்பிடிடிஆர்5 இன்னும் ஒரு படி போனது. கட்டளைக்கு ஒரு துடிப்பு, தரவுக்கு ஒரு துடிப்பு என்று பிரித்துவிட்டார்கள். 6400 வேகத்தில் கட்டளைத் துடிப்பு 800 மெகாஹெர்ட்ஸில் அமைதியாக ஓடும். தரவுத் துடிப்பு 3.2 கிகாஹெர்ட்ஸ், ஆனால் தரவு போகும்போது மட்டும். ஆள் இல்லாத அறையின் மின்விசிறியை அணைத்தாயிற்று. உங்கள் மூன்றாவது கேள்விக்கு இதுதான் நேரடிப் பதில்: கைபேசி ராம் அதே துல்லியத்தைக் குறைந்த விலைக்கு வாங்குவதில்லை. எந்தக் கணத்தில், எந்த முனையில் துல்லியம் வேண்டுமோ அங்கே மட்டும் வாங்குகிறது.

மேற்கொண்டு படிக்க விரும்பினால், பிஎல்எல், அனலாக் சுற்றுகள் பற்றிய ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர்களின் பாடங்கள் என்பிடெல் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் பாடம் கேட்பதோடு நிற்காமல் ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். சுற்றுகளைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க உதவும் என்ஜிஸ்பைஸ் என்ற இலவச மென்பொருளும், ஸ்கைவாட்டர் என்ற சிப்பு ஆலையின், 2020-இல் பொதுவில் திறந்துவிட்ட 130 நானோமீட்டர் டிரான்சிஸ்டர் மாதிரிகளும் இதற்குப் போதும். ஐந்து நாட் கேட்டுகளை, பிஎல்எல்லுக்குள் இருப்பதைப் போல, வளையமாக இணைத்து அலையவிடுங்கள். அதே கேட்டுகளில் ஆறை, டிஎல்எல்லில் இருப்பதைப் போல, நேர்வரிசையாக வைத்து, வெளியிலிருந்து ஒழுங்கான துடிப்பை ஊட்டுங்கள். இரண்டுக்கும் 1.8 வோல்ட். நடுவில் ஒரே ஒரு நானோ வினாடிக்கு மட்டும் மின்னழுத்தத்தை 50 மில்லிவோல்ட் தாழ்த்துங்கள். அந்தக் குழி முடிந்து நூறு சுழற்சிகள் கழிந்த பிறகு விளிம்புகளை அளந்து பாருங்கள். நேர்வரிசையில் விளிம்பு தன் பழைய இடத்துக்கே வந்திருக்கும். வளையத்தில் அது அப்போதும் தள்ளியே நிற்கும்.